இருட்டறையில் போட்ட பட்டாணி

மாடத்தியின் கையைப் பற்றி அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் ஒரே பேச்சுத்தான்: ராசியான கை. கல்லுக்குள் விதையைத் திணித்தாலும் அவள் திணித்தால் முளைக்கும் என்பார்கள். இப்படிச் சொல்கிறவர்கள் யாரும் கல்லுக்குள் திணித்துப் பார்த்ததில்லை. ஆனால் பங்குனிக் கொடைத் திருவிழாவுக்கு அம்மன் கோயில் முளைப்பாரியில் முதல் முத்தை அவள்தான் போட வேண்டும் என்பதில் மட்டும் எல்லாரும் உறுதியாக இருந்தார்கள்.

முளைப்பாரி பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மண்சட்டியில் வைக்கோல் பரப்பி, சலித்த சாணித்தூளும் மண்ணும் போட்டு, மேலே நெல், சோளம், தட்டாம்பயறு, மொச்சை என்று நவதானியத்தை இடைவெளி இல்லாமல் நெருக்கித் தூவுவார்கள். அந்தத் தானியத்துக்குத்தான் முத்து என்று பெயர். சட்டிகளை ஒரு அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். வெளிச்சம் படக்கூடாது. காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்கத் தெளிக்க, பயிர் பால் வெளுப்பாக, நெடுநெடுவென்று வளரும். கொடை அன்று அதைத் தலையில் சுமந்து போய்ச் சிற்றாற்றில் கரைப்பார்கள். பயிர் எவ்வளவு உயரமோ அவ்வளவு சுபிட்சம் ஊருக்கு.

அப்பேர்ப்பட்ட கையைத்தான் போன பங்குனியில் கூப்பிடாமல் விட்டுவிட்டார்கள்.

காரணத்தை யாரும் சொல்லவில்லை. சொல்லவும் தேவையில்லை. அதற்கு முந்தின ஐப்பசியில்தான் அவள் புருஷன் குற்றாலிங்கம் நெஞ்சு வலி என்று உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. போலீஸில் ஏட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். வரவேண்டாம் என்று ஒருத்தி வாய் திறந்து சொல்லியிருந்தால் மாடத்தி அவளோடு மல்லுக்கு நின்றிருப்பாள். ஒருத்தியும் சொல்லவில்லை. முளைப்பாரிக்குப் பொறுப்பு ஆவுடையம்மாள், குற்றாலிங்கத்தின் அண்ணன் மனைவி, மாடத்திக்கு மூத்த ஓரகத்தி. அவள் தானியம் அள்ளின சுளகோடு நாலு பெண்களைச் சேர்த்துக்கொண்டு தெருவில் போனபோது, மாடத்தி வீட்டு வாசல் வந்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். வாசல் தாண்டியதும் திரும்பவும் பேச ஆரம்பித்தார்கள். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று மாடத்தி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அதைவிடக் கொடுமை என்னவென்றால், அந்த வருஷ முளைப்பாரி அமோகமாக வந்துவிட்டது. கொஞ்சம் சோடை போயிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கோயில் காரியம் சோடை போகவேண்டும் என்று ஒரு மனுஷி நினைப்பாளா? நினைத்தாள். நினைத்த மறுநிமிஷமே கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் ஒரு மிளகாய் நாற்றுக்கூட நட்டதில்லை. பின்கட்டில் வருஷம் முழுக்கக் கீரை கிள்ளிய பாத்தியில் கோரைப்புல் மண்டிவிட்டது. கடையில் கீரைக்கட்டு வாங்கும்போது கைக்குள் ஏதோ குத்துகிற மாதிரி இருக்கும். பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிடுவாள்.

இந்த நிலைமையில்தான் மாடிக்கு எப்சிபா குடிவந்தாள். தென்காசியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். புருஷன் ஜெஸ்வினுக்கு மஸ்கட்டில் வேலை. அவளுக்குச் சொந்த ஊர் திருவேங்கடம் பக்கம், வானம் பார்த்த பூமி. குற்றாலத்துச் சாரலையும் சுற்றியிருக்கிற பச்சையையும் கண்டதும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. செல்போனிலேயே செடிப்பைகளும் தேங்காய்நார்க் கட்டியும் வரவழைத்தாள். கூடவே ஒரு பாக்கெட் பச்சைப் பட்டாணி விதை. ஏன் பட்டாணி என்று கேட்டால், புலாவுக்குப் போடலாமே என்றாள்.

பாக்கெட் வந்து சேர்ந்த நேரம் ஐப்பசிக் கடைசி. அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், பத்துப் பன்னிரண்டு நாள் லீவு போட்டு ஊருக்குப் போகவேண்டும். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்கி வந்தவள், விதைப் பாக்கெட்டை மாடத்தியிடம் நீட்டினாள்.

"அத்த, ஒங்க கை ராசியான கைன்னு பால்காரர் சொல்லுதார். நீங்களே போட்டிருங்க. நான் போயிட்டு வந்து பாக்கேன்."

"என் கையாலயா? வேண்டாம்மா, நீயே வந்து போடு."

"அதுக்குள்ள வெதைக்கிற பருவம் போயிரும்னு பாக்கெட்டுல போட்டிருக்கான் அத்த. ஏன், முடியாதா?"

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற பெண்ணிடம் அம்மன் கோயில் வழக்கத்தை எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது. மாடத்தி யோசித்து முடிப்பதற்குள் எப்சிபா பாக்கெட்டைப் படியில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

அன்று பூராவும் பாக்கெட் படியிலேயே கிடந்தது. மாடத்தி அதைத் தாண்டித் தாண்டிப் போனாள். சாயங்காலம் விளக்கேற்றும்போது அவள் மனசுக்குள் ஒரு பந்தயம் கட்டினாள். இது கோயில் முத்து இல்லை, ஊர் நன்மையும் இதில் இல்லை. போட்டுப் பார்ப்போம். வந்தால் கை உயிரோடு இருக்கிறது. வராவிட்டால் ஊர் செய்தது சரிதான் என்று விட்டுவிட வேண்டியது. இந்த மாதிரிப் பந்தயத்தை யாரும் சாமியோடு கட்டக்கூடாது. தோற்றுப்போனால் அப்புறம் யாரிடம் போய் முறையிடுவது?

மறுநாள் தலைக்குக் குளித்துவிட்டு வேலையைத் தொடங்கினாள். மாடிப்படிக்குக் கீழே இருந்த சாமான் அறையைக் கழுவிவிட்டாள். செடிப்பைகளுக்குள் வைக்கோல் பரப்பினாள். பக்கத்துத் தொழுவில் சாணி வாங்கிக் காயவைத்துத் தூளாக்கிச் சலித்துப் போட்டாள். ஊறவைத்த பட்டாணி முழுவதையும் இரண்டே பைகளில், ஒன்றோடு ஒன்று தோள் இடிக்கிற நெருக்கத்தில் பரப்பினாள். கதவைச் சாத்தி, இடுக்கில் கோணிச்சாக்கைச் செருகினாள்.

அவளுக்கு வெயில் தெரியாதா, பாத்தி தெரியாதா? கீரை விதையைப் பாத்தியில் தூவிவிட்டு மறந்துபோகிறவள்தான். ஆனால் இது கீரை இல்லையே. உசிரைப் பணயம் வைத்துப் போடுகிற விதையை அவள் வாழ்நாளில் இருட்டில்தான் வைத்திருக்கிறாள். பாக்கெட்டின் பின்பக்கத்தில் எறும்பு ஊர்கிற எழுத்தில் என்னவோ இருந்தது. அதை அவள் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

பட்டாணி முளைத்தது. சும்மா முளைக்கவில்லை, போட்டி போட்டுக்கொண்டு முளைத்தது. வெளுத்த தண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து ஒரு சாணுக்கு மேல் எழும்பி நின்றன. மாடத்தி கதவை ஒருக்களித்து உள்ளே போய், தண்ணீர் தெளித்துவிட்டு, அங்கேயே தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். புருஷன் போனபோது அழுததுகூட ஊருக்கு நடுவில் அழுதது. இது அவளுக்கே அவளுக்கான அழுகை, அதுவும் சந்தோஷத்தில்.

எப்சிபா ஊரிலிருந்து வந்ததும் வராததுமாகக் கேட்டாள். "அத்த, பையெல்லாம் எங்கன?"

மாடத்தி பெருமையோடு சாமான் அறைக் கதவைத் திறந்தாள். எப்சிபா வாசலிலேயே நின்றுவிட்டாள். சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை அவளுக்கு.

"என்னம்மா, எப்படி வளந்திருக்கு பாத்தியா?"

"இது வளத்தி இல்ல அத்த, ரத்தசோகை. எங்க வார்டுல வரும்லா, ரத்தமே இல்லாத பிள்ளைக, அதே மாதிரி இருக்கு. வெயில் வேணும்லா இதுக்கு."

சொல்லிக்கொண்டே இரண்டு பைகளையும் மொட்டைமாடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நேரம் உச்சிப்பொழுது. அன்றைக்கென்று பார்த்து மேகத்தையே காணோம். நாள் கணக்கில் இருட்டில் கிடந்த பயிரைப் படிப்படியாகத்தான் வெளிச்சத்துக்குப் பழக்கவேண்டும் என்று நர்ஸுக்கும் தெரியவில்லை, ராசிக்கைக்காரிக்கும் தெரியவில்லை. சாயங்காலம் போய்ப் பார்த்தால் இரண்டு பையிலும் ஒரு தண்டுகூட நிமிர்ந்து நிற்கவில்லை. வதக்கிப்போட்ட கீரையாட்டம் சுருண்டு கிடந்தன.

எப்சிபா பதறிப்போனாள். "அய்யோ, என் தப்பு அத்த. நாந்தான் அவசரப்பட்டுட்டேன்."

மாடத்தி காதில் அது விழவேயில்லை. பைக்கு முன்னால் குந்தியிருந்தவள், "என் கை போச்சு" என்றாள். அதற்கப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். தெருவில் பேச்சு நின்ற கதை, முளைப்பாரி செழிப்பாக வந்த கதை, சாமியோடு கட்டின பந்தயம். இத்தனை மாதமாக யாரிடமும் சொல்லாததை மாடிக்குக் குடிவந்தவளிடம் சொன்னாள்.

கேட்கக் கேட்க எப்சிபாவுக்கு மூக்கு சிவந்தது. கோபம் வந்தால் அவளுக்கு அப்படித்தான்.

"புருஷன் செத்தா கை எப்படி அத்த சாவும்? எங்க டூட்டியில ஒரு சிஸ்டர் இருக்காங்க. அவுக புருஷன் தவறி வருசம் எத்தனையோ ஆச்சு. ஊசி போடணும்னா சின்னப் பிள்ளைகள்லாம் அவுககிட்டதான் போடுவேன்னு அடம்பிடிக்கும். அவுக போட்டா வலிக்காது."

"அது ஊசி. இது விதை."

பைகளைக் கொட்டிவிட்டு வேறு விதை வாங்குவோம் என்றாள் எப்சிபா. மாடத்தி அவள் கையைப் பிடித்துத் தடுத்துவிட்டாள். முளைப்பாரியைக் குப்பையில் கொட்டுகிற வழக்கம் கிடையாது. ஓடுகிற தண்ணீரில்தான் விடவேண்டும்.

"இது பட்டாணி அத்த."

"முளைப்பாரியா நெனச்சி வளத்துட்டேன். முளைப்பாரி மாதிரித்தான் வழியனுப்பணும். வெள்ளிக்கிழமை சிற்றாத்துக்குக் கொண்டு போயிருவோம்."

வெள்ளிக்கிழமைக்கு முன்னால் மழை வந்துவிட்டது. வங்கக்கடலில் எங்கோ காற்றழுத்தம் என்றார்கள். அருவியில் வெள்ளம், குளிக்கத் தடை, சிற்றாறு கரையைத் தொட்டுக்கொண்டு ஓடுகிறது, யாரும் இறங்கக்கூடாது என்று படித்துறையில் போலீஸ். மாடத்தி அடுத்த வெள்ளிக்குத் தள்ளிப்போட்டாள். அந்த வெள்ளியும் மழை. பைகள் மொட்டைமாடியில் சன்ஷேடுக்கு அடியில் நனைந்தும் நனையாமலும் கிடந்தன. அவள் மாடிப்பக்கமே போகவில்லை. துணியைக்கூட வீட்டுக்குள்ளேயே கொடி கட்டி உலர்த்தினாள்.

மழை விட்டு ஆறு வடிந்ததும், இன்றைக்குக் கரைத்துவிடுவோம் என்று தேங்காய், பழம் எல்லாம் எடுத்து வைத்துவிட்டுத்தான் மாடி ஏறினாள். வெளுத்த தண்டெல்லாம் மண்ணோடு ஒட்டிக் கருகியிருந்தது. பையைத் தூக்கக் குனிந்தவள் அப்படியே நின்றாள். கருகின தண்டுக்கு அடியில், மண்ணைக் கீறிக்கொண்டு, தடித்த குட்டை முளைகள். வெளுப்பு இல்லை, நல்ல கரும்பச்சை. ஒன்றல்ல, பை முழுக்க.

"ஏட்டி எப்சி, மேல வா" என்று அவள் கூப்பிட்ட சத்தத்தில் எப்சிபா சீருடையோடு ஓடிவந்தாள். அதுவரை 'அம்மா' போட்டு மரியாதையாகப் பேசியவள் 'ஏட்டி' என்று கூப்பிட்டதை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. எப்சிபா செல்போனைத் தட்டித் தட்டிப் படித்துச் சொன்னாள். பட்டாணிக்குப் பருப்பு மண்ணுக்கு உள்ளேயே தங்கிவிடுமாம். மேலே போனது போனாலும் அடிக்கணுவிலிருந்து இன்னொரு முளை வருமாம்.

"நீங்க மட்டும் ஆத்துல விடணும்னு சொல்லலேன்னா நான் அன்னைக்கே குப்பையில கொட்டிருப்பேன் அத்த" என்றாள் எப்சிபா. ஆற்றுக்கென்று எடுத்து வைத்த தேங்காயை உடைத்து மாடத்தி அன்று சட்னி அரைத்தாள்.

அடுத்த வம்பு நெருக்கத்தில் வந்தது. இத்தனை செடி ஒரு பைக்குள் தாங்காது, பாதியைப் பிடுங்கிவிட வேண்டும் என்றாள் எப்சிபா. முளைத்ததைப் பிடுங்க என் கையால் முடியாது என்றாள் மாடத்தி. இரண்டு நாள் இழுபறிக்குப் பின் ஒரு வழி கண்டார்கள். கொத்துக்கொத்தாக மண்ணோடு பெயர்த்துப் பின்கட்டுப் பாத்தியில் வைத்துவிடுவது. பட்டாணிக்கு இடம் மாற்றுவது ஆகாதாம். பிடுங்கி எறிவதற்கு இது தேவலை என்று மாடத்தி மண்வெட்டியை எடுத்தாள். பல மாதத்துக் கோரைப்புல்லை அவள் வெட்டி எறிந்த வேகத்தைப் பார்த்து எப்சிபா தள்ளி நின்றுகொண்டாள்.

பெயர்த்து வைத்ததில் கொஞ்சம் வாடிச் செத்தது. மிச்சம் பிடித்துக்கொண்டது. கார்த்திகை முடிந்து மார்கழி பிறந்ததும் செங்கோட்டைக் கணவாய்ப் பக்கமிருந்து வீசுகிற குளிர்காற்று பட்டாணிக்கு ஒத்துப்போனது. பையில் நின்றவை கட்டிவிட்ட கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏறின. பாத்தியில் மாடத்தி முருங்கைக் குச்சிகளை ஊன்றினாள். குச்சி போதவில்லை. உள்ளே போய்க் குற்றாலிங்கத்தின் மூங்கில் லத்தியைக் கொண்டுவந்து நடுவில் ஊன்றினாள். ஏட்டையா இருந்திருந்தால் அதைத் தொடவே விட்டிருக்கமாட்டார். இழை மாதிரிப் பற்றுக்கம்பிகள் லத்தியைச் சுற்றிச் சுற்றிப் பிடித்தன. தினமும் காலையில் அதைப் பார்க்கும்போது மாடத்திக்குச் சிரிப்பு வரும். பிறகு அவர் ஞாபகம் வந்து கண் நிறையும். இரண்டும் சேர்ந்தே வரும், அவள் எதையும் தடுக்கவில்லை.

வெள்ளைப் பூ பூத்தது, காய் இறங்கியது. தை மாதம் கிண்ணம் நிறையப் பறித்து இரண்டு வீட்டிலும் குருமா வைத்தார்கள். எப்சிபா மஸ்கட்டுக்கு வீடியோ போட்டுக் காட்டினாள். ஊட்டியில் விளைகிற பட்டாணி ஏட்டையா வீட்டில் காய்க்கிறதாம் என்று தெருவுக்குச் செய்தி போய்விட்டது. பெண்கள் ஒவ்வொருத்தியாகப் பின்கட்டுக்கு வந்து பார்த்தார்கள். உமா மகேஸ்வரி என்று புதிதாகக் கல்யாணமாகி வந்த பிள்ளை இரண்டு தடவை வந்துவிட்டாள். வந்தவர்கள் எல்லாரும் செடியைப் பற்றிப் பேசினார்களே தவிர, கொடையைப் பற்றி ஒருத்தியும் பேசவில்லை.

கொடி பழுக்கத் தொடங்கின மாசி மாதத்தில் ஒரு மத்தியானம் ஆவுடையம்மாள் வந்தாள். துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். ஒரு காயைத் தானே பறித்து உரித்து, மணிகளை வாயில் போட்டுக்கொண்டாள்.

"இனிக்கி."

"ஆமாக்கா. கொஞ்சம் முத்திட்டு. தையில வந்திருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

ஆவுடையம்மாள் இன்னொரு காயை உரித்தாள். அதைத் தின்னாமல் கையிலேயே வைத்துக்கொண்டாள். "கொடைக்கு நாள் குறிச்சாச்சு. நீ வந்து ஓரமா இரேன் மாடத்தி. கும்மிக்காவது வா. முத்து அந்த உமா மகேஸ்வரி போடட்டும்."

போன வருஷம் இந்த வார்த்தை வந்திருந்தால் மாடத்தி காலில் விழுந்திருப்பாள். இப்போது அவள் மண் கையோடு எழுந்து நின்றாள்.

"ஓரமா இருக்கதுக்கு நான் எதுக்குக்கா வரணும்? வந்தா முத்துப் போடத்தான் வருவேன்."

"ஊரு வாய மூட முடியுமாட்டி? ஒரு சட்டி சோடை போனாலும் ஒந்தலையிலலா கொண்டுவந்து வைப்பாளுவ. தாலி அறுத்தவ போட்டா அதான் இப்படின்னு. கொழுந்தன் போயி ஒரு வருசங்கூட ஆவல அப்ப. அந்தப் பேச்சையும் நீ கேக்கணுமான்னுதான் கூப்பிடாம விட்டேன். ஒன்னய ஒதுக்கணும்னு விடல."

மாடத்தி ஓரகத்தியின் முகத்தையே பார்த்தாள். ஒரு வருஷமாக இவளை மனசுக்குள் எத்தனை தடவை சபித்திருக்கிறோம் என்று நினைத்துப் பார்த்தாள்.

"இத அன்னைக்கே எங்கிட்ட சொல்லிருக்கலாம்லா."

"எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுச் சொல்ல? ஒன் வாசல் வந்ததும் எனக்கு நாக்கு எழும்பல."

"சோடை போனா போயிட்டுப் போகுது அக்கா. இந்தப் பட்டாணியும் எங்கையில மொதல்ல கருகத்தான் செஞ்சுது. நாலு பேரு பேசினா ஒக்காந்து அழுதுட்டு எந்திரிச்சிருப்பேன். கூப்பிடாமலே இருந்தீயள்லா, அதுக்கு என்னால அழக்கூட முடியல."

ஆவுடையம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். கையிலிருந்த பட்டாணி மணிகள் மடியில் விழுந்தன. அவள் அழுகிறாளா என்று பார்க்க மாடத்திக்குத் தைரியம் வரவில்லை, பக்கத்தில் போய் அதே கல்லில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மாடியிலிருந்து எட்டிப்பார்த்த எப்சிபா சத்தமில்லாமல் உள்ளே போய்விட்டாள்.

ஆவுடையம்மாள் மூக்கைச் சிந்திவிட்டு எழுந்தாள். சேலையைச் செருகிக்கொண்டு, பழைய அதிகாரக் குரலில் சொன்னாள்.

"வர்ற வெள்ளிக்கெழம வெள்ளனயே தலைக்குக் குளிச்சிட்டு வந்துரு. சட்டி கழுவணும், மண்ணு சலிக்கணும், வைக்கோல் உதறணும். மகாராணி மாதிரி முத்து மட்டும் போட்டுட்டுப் போலாம்னு வந்து நிக்காத."

"சாணி நான் கொண்டாரேன்க்கா" என்றாள் மாடத்தி.